ஆள் பறக்கும் விண்ட் டனல்: உயரத்தைக் குறைக்க முடியாதது ஏன்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மில்லுக்கு விசிறியும் டக்டும் எங்களிடம் செய்து வாங்குகிற சிலர், வாளையார், கஞ்சிக்கோடு பக்கம் இன்டோர் ஸ்கைடைவிங் போட எஸ்டிமேட் கேட்கிறீர்கள். அதாவது, கீழிருந்து மேலே வேகமாக அடிக்கும் காற்றில் ஆள் மிதந்து பறக்கும் உயரமான குழாய், அதுதான் விண்ட் டனல். டிராயிங்கைப் பார்த்ததும் வரும் கேள்வி ஒன்றுதான்: "உயரத்தைப் பாதியாக்கினால் என்ன?"

கணக்கைப் பாருங்கள். ஆள் பறக்கும் அறையின் விட்டம் 3 மீட்டர், காற்று நொடிக்கு 55 மீட்டர், அதாவது மணிக்கு 198 கி.மீ. நம்மூர் 34 டிகிரி வெயிலில், அந்த அறை வழியாகப் போகும் காற்றின் இயக்க ஆற்றல் மட்டும் 676 கிலோவாட். அப்படியே வானத்தில் விட்டால் அத்தனையும் வீண். அதனால்தான் அறைக்கு மேலே குழாயைச் சிறிது சிறிதாக விரிக்கிறோம். மேல்வாய்ப் பரப்பு இரண்டரை மடங்கானால் வேகம் 22 மீட்டருக்கு இறங்கும். வெளியே போய் வீணாவது 108 கிலோவாட்தான்.

இந்த விரிகுழலின் சுவர் ஒரு பக்கத்துக்கு மூன்றரை டிகிரிதான் சாயலாம். அந்தக் கணக்கில் நீளம் 14 மீட்டர். கீழே காற்று நுழைவாய், பறப்பவரைத் தாங்கும் கம்பி வலை, அறை, மேலே விசிறி எல்லாம் சேர்த்தால் 25 மீட்டர் வந்துவிடும். ஏழு டிகிரி சாய்த்தால் 7 மீட்டரில் முடியும், தகடும் மிச்சம். ஆனால் காற்று சுவரை விட்டுப் பிரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் உல்லன் நூலை விரல் நீளத்துக்கு வெட்டி, உள்சுவரில் வரிசையாக டேப் போட்டு ஒட்டுங்கள். நல்ல குழாயில் நூல் படிந்து மேலே பார்க்கும். பிரிந்த இடத்தில் துடிக்கும், சில சமயம் கீழ்ப்பக்கமே திரும்பும். அந்தத் துடிப்பு அறைக்குள்ளும் வரும். பறக்கிறவர் பள்ளத்தில் ஓடும் டிவிஎஸ் மாதிரி குலுங்குவார்.

நுழைவாய், வலை, உரசல் எல்லாம் சேர்ந்து அந்த 676 கிலோவாட்டில் பாதி இழப்பு, விசிறியின் திறன் 75 சதவீதம் என்று வைத்தால், மோட்டாருக்கு 450 கிலோவாட் வேண்டும். 11 கிலோவோல்ட் எச்.டி. (உயர் அழுத்த மின்) இணைப்பு இல்லாமல் பேச்சே இல்லை. வேகம் கூட்டினால் மின்சாரம் வேகத்தின் கனத்துக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப ஏறும். தலைகீழாகப் பறப்பவர்களுக்காக 240 கி.மீ. கேட்டால் 1.78 மடங்கு. குப்புறப் படுத்துப் பறக்கும் புதியவர்களுக்கு, தொளதொள உடுப்பில், 160 முதல் 180 போதும்.

"பாலக்காட்டுக் கணவாய்க் காற்றையே பிடிக்கக் கூடாதா?" என்றும் கேட்கிறார்கள். ஆடிக்காற்றில் அம்மி பறக்கலாம், ஆள் பறக்க மாட்டார்! 40 கி.மீ. காற்றின் விசை, 198 கி.மீ. காற்றின் விசையில் சுமார் இருபத்தைந்தில் ஒரு பங்குதான். அது உதவாததோடு, காற்றை மேலே வெளியில் விட்டுவிடும் திறந்த வகை டனலில் மேல்வாயில் குறுக்கே அடித்து வேகத்தையும் கெடுக்கும். மழைத் தண்ணீரும் உள்ளே வரும். இந்தப் பக்கத்துக்கு, காற்று சுற்றித் திரும்பும் மூடிய வகையைத்தான் சொல்வோம். அதற்கு மூலைகளில் காற்றைத் திருப்பும் வளைதகடுகள் வேண்டும். சூடும் இருக்கிறது: மோட்டாரும் காற்றோட்டத்துக்குள்ளேயே இருந்தால் 450 கிலோவாட்டும் கடைசியில் சூடாகத்தான் மாறும். அதை எடுக்க 128 டன் ஏ.சி. வேண்டும். வெளிக்காற்றைக் கலந்து சமாளிக்கலாம். பங்குனி, சித்திரையில் அது பலிக்காது. குளிர்நீர்க் காயிலை (குளிர்நீர் ஓடும் குழாய்ச் சுருளை) வேகம் குறைந்த அகலப் பகுதியில் வையுங்கள், இல்லையென்றால் அதுவே ஒரு தடை.

அறையின் அழுத்தம் வெளியை விடச் சதுர மீட்டருக்கு 177 கிலோ அளவுக்குக் குறையலாம். 0.9க்கு 2.1 மீட்டர் கதவில் அது 335 கிலோ. கையால் திறக்க வராது. அதனால் காத்திருக்கும் அறையையும் அதே அழுத்தத்தில் வைத்து, வெளியே போக இரட்டைக் கதவு போடுகிறோம்.

இரண்டு விசிறி போட்டு ஒன்று டிரிப் ஆனால், காற்று நின்ற விசிறி வழியாகத் தலைகீழாகச் சுற்றிவரும், அறையில் வேகம் சட்டென விழும். தானே மூடும் டாம்பரை (காற்றை அடைக்கும் தகட்டை) இதற்காகத்தான் சேர்க்கிறோம். எஸ்டிமேட்டில் அதை அடிக்காதீர்கள். கரண்ட் போனால் வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) பிரேக் போடக் கூடாது, விசிறி தானாகச் சுற்றி அடங்கட்டும். ஆள் மெதுவாக வலைக்கு இறங்குவார். வலையின் எஃகுக் கயிற்றில் ஒரு இழை அறுந்திருந்தாலும் அன்றைக்கு ஓட்டக் கூடாது. உடுப்பில் பாக்கெட் கூடாது. சாவி, சில்லறை எது நழுவினாலும் விசிறியில் போய் விழும்.

அறை விட்டம், தேவையான உச்ச வேகம், கட்டட உயர அனுமதி, டிரான்ஸ்பார்மர் எவ்வளவு தூரம். இந்த நான்கையும் எழுதி அனுப்புங்கள், டிராயிங்கோடு கொட்டேஷன் தருகிறோம்.

இப்படிக்கு,
விசிறிப் பட்டறை, வாளையார்