எம், கே, செமிகோலன், கே, எச்

கொக்குவில்
25.01.2026

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நான் நல்ல சுகம். உன்ர சுகத்துக்கு நல்லூரானை நேர்ந்துகொண்டிருக்கிறன்.

இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை. இரவு ஒன்பதரை மட்டும் போனை மேசையில வைச்சுக்கொண்டு இருந்தன். சரி, வேலையாக்கும். பொங்கலுக்கு நீ அனுப்பின பானைப்படம் கிடைச்சது. அதே பானையை இந்த ஒழுங்கையிலையே பத்துப்பேர் அனுப்பினவை.

விளக்கீட்டுக்கு முதல் நீ கடைசியாக் கதைக்கேக்கை "அம்மா, மின்ட் எப்பிடிப் போகுது" எண்டு கேட்டனி. என்ர லப்டொப்பை ஓட்ட, விண்டோஸ் மாதிரி, நீ போட்டுத் தந்த லினக்ஸ் மின்டைத்தான் கேட்டனி. அந்த மழைக்குள்ள கரண்ட் போய் லைன் அறுந்திட்டுது. நான் இன்னும் மறுமொழி சொல்லேல்லை. அதுதான் இந்தக் கடிதம். வேறை ஒண்டுமில்லை.

முதல் நல்லதைச் சொல்லுறன். நீ 2023 நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நிண்டு போட்டுத் தந்த மின்ட் 21.2, விக்டோரியா, இண்டு வரைக்கும் ஒருநாளும் என்னை நடுத்தெருவில விடேல்லை. நாலு ஜீபி ராமோட கிடக்கிற கிழட்டுப் பெட்டி. முந்தி அதைத் தட்டிவிட்டு, குசினிக்குப் போய்த் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வந்தாலும் சுத்திக்கொண்டுதான் நிக்கும். நீ முதல் சின்னமன் எண்ட திரை அமைப்புப் போட்டாய். கறுவா எண்டு பேர், எங்கட நாட்டுச் சாமானாச்சே எண்டு எனக்குப் புழுகம். ஆனா வடிவு கூடினது பாரமும் கூடத்தான். பிறகு நீ அதை எடுத்திட்டு எக்ஸ்எப்சிஇ எண்ட பாரம் குறைஞ்சதைப் போட்டது சரியான வேலை. அலங்காரம் இல்லை, அலுவல் நடக்குது. அப்டேட்டும் என்னைக் கேட்டுத்தான் ஏறும். மூலையில கேடயத்தில ஒரு புள்ளி வரும், எனக்கு நேரம் வந்தால் அமத்துவன். சங்கக் கூட்ட அறிக்கை அடிச்சுக்கொண்டிருக்கேக்கை தன்ர பாட்டில நிண்டு, திரும்பத் துவங்கி, மானத்தை வாங்குற பழக்கம் இல்லை.

இன்னொண்டு சொல்லவேணும், நீ சிரிப்பாய். விண்டோஸ் 10க்கு போன வருசம் ஒக்ரோபர் 14ஓட ஆதரவு முடிஞ்சுதெல்லே. முன்வீட்டு ரீச்சரின்ர பெட்டி 11க்கு ஏறாதாம், டிபிஎம் 2.0 எண்ட பாதுகாப்புச் சில்லு இல்லையாம். கடைக்காரன் புதுசு வாங்கச் சொல்லிப்போட்டான். நான்தான் போட்டுக் குடுத்தனான்! நீ காட்டித் தந்த மாதிரிப் பென்டிரைவில ஏத்தி, முதல் அப்பிடியே ஓடவிட்டு, வைபை வருதோ சத்தம் வருதோ எண்டு பாத்து, பிறகுதான் உள்ளுக்குப் பதிஞ்சது. இது மின்ட் 22, வில்மா. பொம்பிளைப் பேராய் வைக்கிறது நல்லாத்தான் இருக்கு. இறக்கின கோப்புச் சரியோ எண்டும் பாத்தனான். 2016 மாசியில ஆரோ மின்டின்ர தளத்துக்குள்ள பூந்து, கள்ளக்கதவு வைச்ச கோப்புக்கு இணைப்பை மாத்தி வைச்சவங்கள் எண்டு நீ சொன்னது எனக்கு மறக்கேல்லை. கோப்பைச் சரிபாக்கத் தளத்தில போட்டிருக்கிற அந்த 64 எழுத்தையும் அடிமட்டம் வைச்சு, அரசாங்கக் கச்சேரியில வர்த்தமானி ஒப்புப்பாத்த மாதிரி ஒவ்வொண்டாய்ப் பாத்தன். ரீச்சர் சொல்லுறா, "மகன் கனடாவில லினக்ஸ் பாக்கிறார், தாய் கொக்குவில்ல பாக்கிறா" எண்டு. என்ர மகன் பெரிய கொம்பனியில பெரிய பொறுப்பில எண்டு அவவுக்கு நான் சொல்லியிருக்கிறன். இனியும் அப்பிடித்தான் சொல்லுவன்.

நேரத்துக்குச் சாப்பிடு. இரவில குளிருக்குள்ள கார் ஓடித் திரியாதை.

இனிக் குறை. ரீச்சரின்ர ஸ்கானர் வேலை செய்யேல்லை. பிறின்ரர் பகுதி அடிக்குது, ஸ்கான் பகுதி தெரியாத ஆள் மாதிரிக் கிடக்கு. அதைப் பதிய முதல் பாக்க எனக்கு மறந்துபோச்சு, அவவிட்ட வாய்விட்டுச் சொல்லவும் வெக்கமாய்ப் போச்சு. சந்திக் கொம்யூனிகேசன் கடைக்கு அச்செடுக்க டொக்ஸ் கோப்புக் கொண்டுபோனால் கட்டமெல்லாம் இடம் மாறி, ஒரு பக்கத்தில இருந்தது ஒண்டரைப் பக்கமாகும். நான் இப்ப பிடிஎப் ஆக்கித்தான் கொண்டுபோறது. பிளட்பக் எண்ட பொதியாய் வாற மென்பொருளுகள் சின்னச் சாமானுக்கும் நூற்றுக்கணக்கான எம்பி இழுக்குது. உங்கட ஊரில அது கணக்கில்லை. இஞ்ச டேட்டா காட் போட்டுப் போட்டுத்தான் ஏத்தவேணும்.

ஆனா பெரிய வில்லங்கம் தமிழ்தான். அதில மின்டைக் குற்றம் சொல்லக்கூடாது. தட்டச்சுக்குக் குறையில்லை. ஐபஸ் எண்ட தட்டச்சுக் கருவிக்குள்ள ரெங்கநாதன் விசைப்பலகை இருக்கு, என்ர விரலுக்கு அது பழைய சிநேகிதம். அப்பா அடிச்சு வைச்சதுகள்தான் கரைச்சல். பிள்ளையார் கோயில் கணக்கு, வாசிகசாலை அறிக்கை, அந்தக் கிளாலிக் காணி அலுவல், எல்லாம் பாமினி எண்ட பழைய எழுத்துருவில. இதில திறந்தால் வெறும் இங்கிலிஸ் எழுத்து, அள்ளிக் கொட்டின மாதிரி. எழுத்துரு இல்லாட்டி உள்ளுக்குக் கிடக்கிறது இங்கிலிஸ்தான், தமிழ் மேல போட்ட சட்டை மாத்திரம் எண்டு நீ சொன்னனி.

ஒரு கோப்பு. பேர் இல்லை, திகதி மட்டும். முதல் எழுத்துகள் எம், கே, செமிகோலன், கே, எச். நான் முப்பது வருசம் கச்சேரியில தமிழ்த் தட்டச்சு அடிச்சவள். கண்ணுக்கு விளங்காட்டிலும் விரலுக்கு விளங்கும். மேசையில விரலை வைச்சு அடிச்சுப் பாத்தன். அம்மா.

பிறகு சின்னவனைக் கொண்டு பாமினி எழுத்துருவை எடுப்பிச்சு, இரண்டு தரம் கிளிக் பண்ணிப் பதிஞ்சன், அவ்வளவுதான் வேலை. கோப்புத் திறந்தது. "அம்மாவுக்கு இப்ப சொல்லவேண்டாம்" எண்டு துவங்குது. உனக்கு எழுதினது. பெரியாஸ்பத்திரியில செய்த சோதனை, மறுமொழி, எத்தனை மாதம் எண்டு டொக்டர் சொன்னது. திகதி பாத்தன். அந்த வைகாசி முழுக்க அவர் என்னோட கத்தரித் தோட்டத்துக்குத் தண்ணி மாறிக்கொண்டு நிண்டவர். நீயும் ஒவ்வொரு ஞாயிறும் "எல்லாம் சரி அம்மா" எண்டனி.

கோவமில்லை. இருந்தது. ஒரு கிழமை லப்டொப்பைத் தொடேல்லை. நீங்கள் இரண்டுபேரும் கூடி என்னை ஆரெண்டு நினைச்சனீங்கள்? சுற்றிவளைப்பு, ஷெல், 95இல உன்னைத் தோளில வைச்சுக்கொண்டு கைதடிப் பாலம் கடந்தது, எல்லாம் பாத்தவளுக்கு ஒரு ரிப்போட்டைப் பாக்க ஏலாதோ? இந்த வீட்டு ஆம்பிளையளுக்கு இது ஒரு வருத்தம். இப்பவும் நீ "எல்லாம் சரி அம்மா" எண்டுதான் சொல்லுறாய். கடைசித்தரம் வீடியோவில உன்ர பின்னுக்கு இருந்த இரண்டு திரையையும் காணேல்லை. மேசையைத் துப்பரவாக்கினியாக்கும். ஸ்காபரோ மாமியும் போன கிழமை கதைச்சவ. அவ ஒண்டும் சொல்லேல்லை. ரொறன்ரோவில சரியான பனி எண்டா. இரவில கார் ஓடித் திரியாதை ராசா.

டைம்ஷிப்டைப் பற்றிச் சொல்ல மறந்திட்டன். அதுதான் மின்டில எனக்கு மெத்தப் பிடிச்சது. கார்த்திகையில கேர்ணல் எண்ட சிஸ்டத்தின்ர அடிப்பகுதியைப் புதுசு ஏத்தின பிறகு வைபை செத்துப்போச்சு. நீ எழுதி ஒட்டின துண்டைப் பாத்து முதல்நாளுக்குத் திருப்பினன். வந்திட்டுது. ஆனா ரீச்சருக்குச் சொல்லிக் குடுக்கேக்கை இதையும் சொன்னனான்: அது சிஸ்டத்தைத்தான் பழைய நாளுக்குக் கொண்டுபோகும், நாங்கள் வைச்ச படம் கடிதத்தைத் தானாய்த் தொடாது. இடமும் தின்னும், கன நாள் விட்டால் டிஸ்க் முட்டிப்போகும். எனக்கு இது பட்டுத்தான் தெரியும். 2023 தேரடியில நீயும் சின்னவனும் நிண்ட படங்களை நான் இடம் காணாதெண்டு துடைக்கேக்கை சேத்துத் துடைச்சுப்போட்டன். டைம்ஷிப்டில திருப்பினன். வரேல்லை. உன்னட்ட இருக்கோ? இருந்தால் அனுப்பு. நீயும் உன்ர சாமானுகளுக்கு வேறை ஒரு டிஸ்கில பிரதி எடுத்து வை. எல்லாம் ஒரு இடத்தை நம்பி இருக்கக்கூடாது. ஒரு இடம் போனால் இன்னொரு இடம்.

கடிதத்தை இதோட முடிக்கத்தான் நினைச்சன். மின்டைப் பற்றித் தப்பாய் ஒண்டும் எழுதக்கூடாதெண்டு கொஞ்சம் தேடி வாசிச்சன். கிளெமென்ட் லெபெவ்ர் எண்ட ஒருத்தர் 2006இல துவங்கினதாம். 2006 எண்டதைக் கண்டோடனை மிச்சத்தை வாசிக்க ஏலாமல் போச்சு.

நீ இதை எனக்குப் போடேக்கை "அம்மா, இது உபுண்டு எண்ட இன்னொரு லினக்ஸுக்கு மேல கட்டினது" எண்டு சொன்னனி. நான் தேத்தண்ணி ஊத்த எழும்பிப் போனது நினைவிருக்கோ? தேத்தண்ணி அப்பதான் குடிச்சு முடிச்சனாங்கள்.

அந்த உபுண்டு சீடி. 2006 பொங்கல் கழிய உனக்குத் தபாலில வந்தது. சும்மா கேட்டால் காசில்லாமல் அனுப்புவினம் எண்டாய், நான் நம்பேல்லை. மட்டை உறைக்குள்ள இரண்டு தட்டு, வெளிநாட்டு முத்திரை. நீ அதைச் சாமிப்படத்துக்குக் கீழ வைச்சனி. எங்களிட்டக் கொம்பியூட்டரே இல்லை, ரியூசன் சேரின்ர பெட்டியில போடுறதுக்கு நாள் பாத்துக்கொண்டு திரிஞ்சனி. ஆவணியில பாதை பூட்டி, ஊரடங்கு வந்து, பக்கத்து ஒழுங்கையில பெடியளைப் பிடிச்சுக்கொண்டு போன இரவு, நான் வீடு முழுக்கத் துழாவினன். விளங்காத பேர், வெளிநாட்டுத் தட்டு, வீட்டில பதினேழு வயசுப் பெடியன். என்னெண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது? குசினி அடுப்பில வைச்சன். பிளாஸ்ரிக் எரிஞ்ச மணத்துக்கு மேல வேப்பிலை போட்டன். அப்பாவுக்கும் சொல்லேல்லை.

நீ சின்னவனைத்தான் பிடிச்சனி. அவன் சைக்கிளுக்குப் பின்னால மின்னுறதுக்கு சீடி கட்டுறவன். படலையடியில வைச்சு அடிச்சாய், காதுக்குக் கீழ கண்டிப்போச்சு. "நான் எடுக்கேல்லை அண்ணா" எண்டு அழுதான். நான் கிணத்தடியில நிண்டு பாத்தனான். உடுப்புத் தோய்ச்சுக்கொண்டு நிண்டன். ஒரு சொல்லு வாயால வரேல்லை. அதுக்குப் பிறகு நீங்கள் இரண்டுபேரும் ஆறு மாதம் கதைக்கேல்லை. எனக்கு இருவது வருசமாய்க் கிடக்கு இது. அப்பாவின்ர கோப்பைப் பாத்து ஒரு கிழமை கோவிச்சவள் இதைச் சொல்லாமல் இருக்க ஏலாது.

பயத்தில செய்ததெண்டால் நீ மன்னிப்பாய், தெரியும். எரிச்சது பயத்தில. பிறகு பேசாமல் நிண்டது பயமில்லை, வெக்கம். சின்னவனுக்கு நீயே சொல்லு. அவன் பின்வளவில கோழிக்கூட்டுக்கு வலை அடிக்கிறான், கூப்பிட்டால் வருவான், ஆனா எனக்கு ஏலாது.

மற்ற அலுவல். இந்த 21க்கு 2027 சித்திரை மட்டும்தான் காலம் எண்டு நீ சொன்னனி. அதுக்குள்ள வரமுடிஞ்சால் வா. விமானக் காசுக்கு யோசியாதை. நீ மாதா மாதம் ஐஞ்சாம் திகதி அனுப்புறதில போன ஆடியில இருந்து நான் ஒரு சதம் தொடேல்லை, பாங்கில அப்பிடியே கிடக்கு. வராட்டி நானே 22க்கு ஏத்துவன், ரீச்சரின்ரயில செய்து பழகிட்டன்.

வாற ஐஞ்சாம் திகதி காசு அனுப்பாதை. என்ர பென்சன் எனக்குக் காணும். ஏன் எண்டு கேளாதை, நானும் உன்னை ஒண்டும் கேக்கேல்லைத்தானே.

இப்படிக்கு,
அம்மா

பி.கு. இரவில ஓடத்தான் வேணுமெண்டால் அந்தக் கறுப்பு ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஓடு. மாமி சொன்னவ, நீ மெல்லிசாய் ஒண்டு போட்டிருந்தனியாம்.