குக்கர் விசிலுக்குச் சுருதி சேர்க்க வேண்டாம்

அன்புள்ள அம்மு,

நீயும் மாப்பிள்ளையும் சேர்ந்து பண்ணி அனுப்பிய பாட்டை நேற்று மூன்று முறை கேட்டேன். போன் ஸ்பீக்கரில் பேஸ் சுத்தமாகக் கேட்கவில்லை. எதிர் வீட்டுப் பையனிடம் ஹெட்போன் வாங்கித்தான் முழுசாகக் கேட்டேன்.

பொங்கலுக்கு வந்தபோது மாப்பிள்ளை அடுப்படியில் போனை நீட்டிக்கொண்டு நின்றது இதற்குத்தானா? டிரம்ஸில் ஹை-ஹாட் தட்டு வர வேண்டிய இடத்தில் தேங்காய் துருவுகிற சத்தம்! கண்டுபிடித்ததும் சிரித்துவிட்டேன். குக்கருக்கு என்ன சம்பளம் என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

ஆனால் அந்த விசிலை ஏன் கொண்டுபோய்ச் சுருதியில் நிறுத்தினீர்கள்? நம் வீட்டுக் குக்கர் கீழேயிருந்து இழுத்துக்கொண்டு ஏறும், மேலே போயும் நிற்காமல் கொஞ்சம் வழுக்கும். வேடிக்கையே அந்த வழுக்கல்தான். இப்போது அது யார் வீட்டுக் குக்கரோ.

சரி, நீ கேட்ட விஷயம். இரண்டாவது சரணத்தில் மாப்பிள்ளை வரியைக் கோட்டைவிட, நீ சிரிக்கிறாய். எடுத்துவிடலாமா என்கிறாய். எடுக்காதே. நான் வயலின் வாசிக்க வந்த காலத்தில் ரெக்கார்டிங் தியேட்டரில் நாற்பது பேர் ஒன்றாக உட்கார்ந்து வாசிப்போம். ஒருவர் இருமினால் போச்சு, முதலிலிருந்து இன்னொரு டேக். ஒரு தடவை பாட்டு முடிகிற நேரத்தில் என் நாற்காலி கிரீச்சிட்டது. அன்று மத்தியானம் சாப்பிடும்போது யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. அத்தனை வருடத்தில் நான் சிரித்தது ஒரு டேப்பிலும் கிடையாது.

1983-இல் மிடி வந்தது. ஒரு கம்பெனி கீபோர்டை வைத்து இன்னொரு கம்பெனிக் கருவியை வயர் வழியே வாசிக்க வைக்கலாம் என்றார்கள். எங்களில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்து வருடத்துக்குள் வயலின் வரிசையில் நாற்காலிகள் குறைந்தன. ஒரு நாள் கால்ஷீட்டுக்குப் போனால், "கீபோர்டுலயே ஸ்ட்ரிங்ஸ் இருக்கு சார், இன்னைக்கு வேண்டாம்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். சாலிகிராமத்திலிருந்து மாம்பலம் வரை வயலின் பெட்டியோடு நடந்தே வந்தேன். பையில் பஸ்ஸுக்குக் காசு இருந்தது.

நீ சின்னக் கீபோர்ட் கேட்டு அழுதபோது ஒரு வருடம் இழுத்தடித்தேனே, அதற்குக் காரணம் இதுதான். உன்னிடம் சொன்னதில்லை.

இப்போது மாப்பிள்ளை பாட்டுக்கு எட்டு பார், அதாவது எட்டுத் தாளச் சுற்று, வயலின் கேட்கிறார். வில்லில் ரோமம் பாதி கொட்டிக் கிடக்கிறது, அதை மாற்ற வேண்டும். வியாழக்கிழமை அண்ணா சாலைக்குப் போய் மியூசி மியூசிக்கல் கடையில் வில்லுக்குத் தேய்க்கிற ரோசின் வாங்கி வருகிறேன். டெம்போ 120 என்று எழுதியிருக்கிறார், எந்தக் கட்டை, அதாவது எந்தச் சுருதி என்று எழுதவில்லை. கேட்டுச் சொல். கட்டை என்றால் என்ன என்பதை அவருக்கு நீதான் சொல்ல வேண்டும். அப்புறம், நான் வாசித்து அனுப்புவதை கம்ப்யூட்டரில் கட்டம் கட்டி நேராக்கக் கூடாது. நான் தாளத்துக்கு ஒரு இழை பின்னால்தான் வாசிப்பேன்.

அன்புடன்,
அப்பா