தம்பிக்கு, அந்த உப்பைப் பற்றி

தம்பி,

இன்றோடு ஏழு வருஷம். எதிலிருந்து என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதைப் பொதுவில் எழுதுவது உனக்குப் பிடிக்காது. போனை எடுக்கமாட்டேன் என்கிறாய், வேறென்ன செய்ய? வீட்டு ஆட்களும் படிப்பார்கள். அதனால் அந்த ராத்திரி யார் யாரை என்ன சொன்னார்கள் என்பதற்குள் போகமாட்டேன். என் பங்கை மட்டும் சொல்கிறேன்.

சமையலறையில் இருட்டில் நின்றிருந்தாய். விளக்கைப் போட்டேன். உள்ளங்கை நிறைய உப்பு; நக்கிக்கொண்டிருந்தாய். கையைத் தட்டிவிட்டேன். "உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆகணும், குடி" என்றேன். நீ மெலிந்தது, வேலையை விட்டது, பகலெல்லாம் சுருண்டு கிடந்தது எல்லாவற்றுக்கும் சேர்த்து என் மனசில் ஒரு காரணம் தயாராக இருந்தது. அதை இங்கே எழுதமாட்டேன். நீ எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. குனிந்து உப்பைக் கூட்டி அள்ளினாய். அப்போதுதான் உன் உள்ளங்கை ரேகைகள் கறுத்திருந்ததைப் பார்த்தேன். அழுக்கு என்று நினைத்தேன்.

சிறுநீரகங்களின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளை உன் நோயெதிர்ப்புச் சக்தியே அரித்துக்கொண்டிருந்தது. அவை சுரக்கும் கார்ட்டிசால் ஹார்மோன் குறையக் குறைய, மூளைக்கு அடியிலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, அதைச் சுரக்கச் சொல்லும் ஏசிடிஎச் ஹார்மோனை விடாமல் கொட்டியிருக்கிறது. அது தோலில் நிறமி உண்டாக்கும் செல்களையும் தூண்டிவிடுமாம். ரேகையும் ஈறும் கறுத்தது அதனால்தான். உப்பை உடம்பில் நிறுத்திவைக்கும் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனும் இல்லாமல், உப்பிலிருக்கும் சோடியம் சிறுநீரில் போய்க்கொண்டே இருந்தது. உடம்பு உப்பைக் கேட்டிருக்கிறது. நான் தட்டிவிட்டேன்.

உன் நோய்க்கு அடிசன் நோய் என்று பேர் வரக் காரணமான ஆங்கில டாக்டர் தாமஸ் அடிசன் 1855லேயே இந்தச் சோர்வையும் கறுப்பையும் சேர்த்து எழுதிவைத்திருக்கிறார். டாக்டரே முதலில் மன அழுத்தம் என்றுதானே சொன்னார், எனக்கு எப்படித் தெரியும் என்று பல ராத்திரி எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது பொய்யில்லை. ஆனால் அந்த டாக்டர் உன்னோடு ஒரே வீட்டில் இருக்கவில்லையே.

மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நீயும் சொல்லவில்லையேடா! எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விழுந்து, பிரஷர் இறங்கி, கார்ட்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்ட்டிசோன் மருந்தை ஏற்றிக் கண் திறந்தபோதுகூட "ஒண்ணுமில்லக்கா" என்றாய்.

போன மாதமும் அதே கதை. நல்ல உடம்பு காய்ச்சலுக்குத் தானே கார்ட்டிசாலைக் கூடுதலாகச் சுரந்துகொள்ளும். உனக்கு அது நடக்காது, அதனால் நாமாக மாத்திரையைக் கூட்ட வேண்டும். வாந்தி எடுத்து மாத்திரை நிற்காவிட்டால் 100 மில்லிகிராம் ஊசி. தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பாய். தெரிந்தே வழக்கமான அளவைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாய். யாரிடம் வீம்பு?

என்னிடம்தான். "மாத்திரை போட்டியா" என்று தினம் கேட்டுக் கேட்டு உன் மாத்திரையை என்னுடையதாக்கிவிட்டேன். இனி கேட்கமாட்டேன். முடிவு பண்ணிவிட்டேன்.

கடைசியாக வந்திருந்தபோது, நீ தூங்கியபின் உன் கையை மெதுவாக விரித்துப் பார்த்தேன். ரேகைகள் வெளுத்திருந்தன. கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

ஊசி எந்தப் பையில் இருக்கிறது, எப்படிப் போடுவது என்று பக்கத்து அறைக்காரரிடம் சொல்லிவை. சொன்னாயா என்றும் கேட்கமாட்டேன்.

அக்கா