ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி: உலகத் தடகள அமைப்புக்கு ஒரு திறந்த மடல்

மொனாக்கோவில் இருந்துகொண்டு ஓட்டப் போட்டிகளின் தொழில்நுட்ப விதிகளை எழுதுகிறவர்களுக்கு,

வணக்கம். மாவட்டப் போட்டிகளில் பல வருடம் ஸ்டாப்வாட்ச் பிடித்தவன் நான். முதல் நாள் மூத்தவர் ஒருவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "தம்பி, சத்தத்துக்குக் காத்திருக்காதே. துப்பாக்கியில் புகை தெரிந்ததும் அமுக்கு." முடிவுக்கோட்டில் நிற்பவனுக்கு 100 மீட்டர் தாண்டிச் சத்தம் வந்துசேர ஏறக்குறைய 0.3 விநாடி பிடிக்கும். முதலாவதாக வருபவருக்கு மூன்று பேர் நேரம் எடுப்போம். மூன்றும் மூன்று விதமாக இருந்தால் நடுவில் உள்ளதுதான் கணக்கு. அதையும் மின்னணு நேரத்தோடு ஒப்பிடும்போது 0.24 விநாடி கூட்டிக்கொள்வார்கள். எங்கள் கட்டைவிரலை நீங்கள் முழுதாக நம்பியதே இல்லை. அது சரிதான். அந்தச் சந்தேகத்தில் கொஞ்சத்தை, ஓட்டத் தொடக்கத்தை அளக்கும் இயந்திரத்தின் மேலும் வையுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

2022 ஜூலை 17, யூஜின் நகரம், உலகப் போட்டியின் 110 மீட்டர் தடை ஓட்ட இறுதி. அமெரிக்கத் தடை ஓட்ட வீரர் டெவன் ஆலன் படித்த ஓரிகான் பல்கலைக்கழகத்தின் மைதானமே அதுதான். அதற்கு முந்தைய மாதம்தான் 12.84 விநாடியில் ஓடியிருந்தார். தந்தை இறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. துப்பாக்கி ஒலித்தது, உடனே திரும்ப அழைத்தார்கள். ஆலனின் எதிர்வினை நேரம், அதாவது துப்பாக்கிச் சத்தத்துக்கும் அவர் கிளம்பியதற்கும் இடைப்பட்ட நேரம், 0.099 விநாடி என்று கருவி சொன்னது. உங்கள் விதிப்படி 0.100க்குக் கீழே போனால் ஃபால்ஸ் ஸ்டார்ட், அதாவது சத்தத்துக்கு முந்திக் கிளம்பிய குற்றம். அரையிறுதியில் அவருக்கு 0.101, அப்போது எந்தக் குற்றமும் இல்லை. இறுதியில் 0.099, ஆளை வெளியே அனுப்பிவிட்டீர்கள். 2010க்குப் பிறகு இரண்டாம் வாய்ப்பு என்பதே கிடையாதே.

சரி, விதி விதிதான் என்பீர்கள். உங்கள் இன்னொரு விதியைப் பார்ப்போம். முடிவுக்கோட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளந்துவிட்டு, அறிவிக்கும்போது நூறில் ஒரு பங்குக்கு மேல்நோக்கி ஏற்றிவிடுகிறீர்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ் 100 மீட்டர் இறுதியில் நோவா லைல்ஸ் ஓடியது 9.784, கிஷேன் தாம்சன் 9.789. தாளில் இருவருக்கும் 9.79. லைல்ஸின் 9.784ஐ 9.78 என்று எழுத மாட்டீர்கள், ஏனென்றால் ஓடாத வேகத்தை யாருக்கும் தரக்கூடாது. நல்ல கொள்கை. அதே கணக்கை ஆலனின் 0.099க்குப் போட்டால் 0.10 வருகிறது. அவர் ஓடியிருக்கலாம்!

லைல்ஸ் முந்தினார் என்று தீர்ப்புச் சொல்ல அந்த மூன்றாம் இலக்கத்தைத்தானே பயன்படுத்தினோம் என்று கேட்கலாம். உண்மை. ஆனால் அங்கே ஒரு படம் இருந்தது. விநாடிக்கு 40,000 படம் பிடிக்கும் கேமரா அது. யார் வேண்டுமானாலும் கோடு போட்டுப் பார்க்கலாம். முடிவுக்கோட்டில் படத்துக்கு மரியாதை கிடைத்தது 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் காலத்திலேயே. எடி டோலன், ரால்ஃப் மெட்காஃப் இருவருக்கும் கைக்கணக்கில் 10.3, தங்கம் யாருக்கு என்று பிலிமைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். அதே ஊரில் 1984இல் எங்கள் பி.டி.உஷாவுக்கு 55.42, வெண்கலம் வாங்கிய ருமேனியப் பெண்ணுக்கு 55.41. இன்றைக்கும் வலிக்கிறது. ஆனாலும் உஷாவை ஏமாற்றிவிட்டார்கள் என்று இங்கே யாரும் சொல்வதில்லை.

தொடக்கக்கோட்டில் எதை அளக்கிறீர்கள்? உடம்பு அசைந்த நேரத்தையா? கிளம்பும்போது கால் ஊன்றும் ஸ்டார்ட்டிங் பிளாக்கின் மேல் கால் உந்தும் விசை ஒரு எல்லையைத் தாண்டிய நேரத்தை. அந்த எல்லையை எங்கே வைப்பது என்பது கருவி செய்பவரின் கணக்கு. கருவி மாறினால் கணக்கும் மாறலாம். பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், பெண்களின் எதிர்வினை நேரம் ஆண்களைவிடக் கூடுதலாகத் தெரிவதற்கு இந்த விசை எல்லையே ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். எல்லாத் தடத்துக்கும் சத்தம் ஒரே நேரத்தில் சேரட்டும் என்று பிளாக்குக்குப் பின்னால் ஆளுக்கொரு ஸ்பீக்கர் வைக்கும் அளவுக்குக் கவனமான நீங்கள், இதை ஏன் இத்தனை காலம் விட்டுவைத்தீர்கள்?

அந்த 0.100 தான் எங்கிருந்து வந்தது? மனிதனால் அதைவிட வேகமாகச் சத்தத்துக்கு அசைய முடியாது என்ற நம்பிக்கையில். நீங்களே பின்லாந்தின் யுவாஸ்குலா பல்கலைக்கழகத்தில் ஆராயச் சொன்னீர்கள். 2009இல் வந்த அறிக்கை, முடியும் என்றது, எல்லையை 0.080 அல்லது 0.085க்கு இறக்கலாம், அதிவேகக் கேமராவும் வைக்கலாம் என்றது. சோதித்தது சில வீரர்களை மட்டும்தான், ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் பெரிதாக இன்னோர் ஆய்வு செய்திருக்க வேண்டும். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸ் 100 மீட்டர் இறுதியில் நடப்பு சாம்பியன் லின்ஃபோர்டு கிறிஸ்டி, இரண்டாம் ஃபால்ஸ் ஸ்டார்ட்டுக்காக வெளியேற்றப்பட்டபோது கருவி காட்டியது 0.086. போக மறுத்து அவர் அங்கேயே நின்றதைப் பார்த்து அன்று நானும் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

நீச்சல்காரர்களைப் பாருங்கள். 1972 மியூனிக்கில் 400 மீட்டர் கலப்பு நீச்சலில் குன்னர் லார்சனுக்கு 4:31.981, டிம் மெக்கீக்கு 4:31.983. தங்கத்தைக் கொடுத்துவிட்டார்கள், அப்புறம் யோசித்தார்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியில் நீந்துபவர் போகும் தூரம் இரண்டு மில்லிமீட்டர் அளவுதான். அத்தனை துல்லியமாக எந்தக் கொத்தனார் குளம் கட்டுவார்? மூன்றாம் இலக்கத்தைத் தூக்கிப் போட்டார்கள். 2016 ரியோவில் 100 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலில் ஃபெல்ப்ஸ், லெ க்ளோ, செ மூவருக்கும் 51.14, மூவருக்கும் வெள்ளி. யாருக்கும் அதில் மனக்குறை இருந்ததாகத் தெரியவில்லை.

நான் கேட்பது அதிகமில்லை. எல்லையைப் பெரிய அளவில், பெண்களையும் சேர்த்து, மறுபடி சோதியுங்கள். யார் கருவி வைத்தாலும் ஒரே கணக்கு முறை இருக்கட்டும். அதுவரை 0.08க்கும் 0.10க்கும் நடுவில் மாட்டுகிறவரை ஓடவிட்டு, முடிவைப் பிறகு சொல்லுங்கள். ஒருவரை வெளியே அனுப்பினால், பிளாக் பதிந்த விசைக் கோட்டை (விசை ஏறியதைக் காட்டும் வரைபடத்தை) அன்றைக்கே மைதானத் திரையில் போடுங்கள். முதல் வேலையாக ஆலனுடைய கோட்டை வெளியிடலாம்.

இப்படிக்கு,
புகையைப் பார்த்து பட்டன் அமுக்கிய ஒருவன்