இல்லத் தலைமைதான் முதலில் பதில் சொல்ல வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

காப்பகங்களில் ஏதேனும் தவறு வெளியே தெரிந்தவுடன், "இத்தனை வருடம் சேவை செய்தவரைப் போய்க் கேள்வி கேட்பதா?" என்று நிர்வாகிக்காகப் பரிந்து பேசுகிறோம்; இல்லையென்றால், இரவுப் பணியில் இருந்த ஆயாவை அன்றே வேலையை விட்டு நீக்கிவிட்டு, நடவடிக்கை எடுத்தாகிவிட்டது என்று கோப்பை மூடுகிறோம். இரண்டிலுமே இல்லத்தில் இருப்பவர்களுக்கு நியாயம் கிடைப்பதில்லை.

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்பி ஓட வழியின்றிக் கருகினார்கள். இறந்தவர்கள் 28 பேர். அந்தச் சங்கிலிகள் பலர் கண்ணிலும் பட்டவைதான். வீட்டாரே கைவிட்டவர்களை இவர்களாவது வைத்துப் பார்க்கிறார்களே என்ற நன்றியுணர்வுதான் அன்று எல்லோர் வாயையும் அடைத்தது என்று நான் நினைக்கிறேன். சங்கிலியால் பிணைப்பதை எந்த வடிவிலும் தடைசெய்யும் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல்தான் வந்தது.

குழந்தைகள் இல்லம் ஒன்றின் நிர்வாகக் குழுவில் நான் இருந்தபோது, பிள்ளைகளுக்கான ஆலோசனைப் பெட்டி கண்காணிப்பாளரின் நாற்காலிக்குப் பின்சுவரில் மாட்டப்பட்டிருந்தது. அலுவலகத்திலிருந்து விலகி, பிள்ளைகள் எளிதில் அணுகும் இடத்தில் அது இருக்க வேண்டும் என்பது விதி. பெட்டி எப்போதும் காலியாக இருந்ததால், பிள்ளைகளுக்குக் குறையே இல்லை என்று நாங்கள் எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். புதிதாக வந்த கண்காணிப்பாளர் அதைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே மாட்டிய பிறகு சீட்டுகள் விழத் தொடங்கின: குளியலறையில் தண்ணீர் வருவதில்லை, பாய் கிழிந்திருக்கிறது, இரவில் ஆயா கரண்டிக் காம்பால் அடிக்கிறார். அந்த ஆயா மாற்று ஆள் வராததால் பகலும் இரவுமாகத் தொடர்ந்து பணியில் இருந்தவர். கண்காணிப்பாளர் அவரைப் பிள்ளைகளிடமிருந்து விலக்கி வைத்து, குழந்தைகளின் பாதுகாப்பைக் கவனிக்கச் சட்டப்படி அமைக்கப்பட்ட குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் கொடுத்தார். ஓய்வே இல்லாத அந்தப் பணிப் பட்டியலுக்குத் தானே பொறுப்பு என்றும் அறிக்கையில் எழுதினார். நான் பார்த்த வரையில் பரிவும் பொறுப்பும் ஒரே கையெழுத்தில் சேர்ந்திருந்தது அங்கேதான்.

சட்டமும் பாரம் எங்கே இருக்கிறது என்பதை அறிந்தே இருக்கிறது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 82ஆவது பிரிவின்படி, இல்லத்தில் குழந்தையை அடித்துத் தண்டித்தவருக்கு முதல் முறை 10,000 ரூபாய் அபராதம். அதே புகாரின் விசாரணைக்கு ஒத்துழைக்க மறுக்கும் நிர்வாகப் பொறுப்பாளருக்குக் குறைந்தது 3 ஆண்டுச் சிறை. இதை அறியாத நிர்வாகிகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரும் கவலை அளிக்கிறது.

ஆய்வுக்குச் செல்லும் அதிகாரிகள் நன்கொடைப் பதிவேட்டைப் புரட்டுவதற்கு முன் கடந்த மாதத்து இரவுப் பணிப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். தன் இல்லத்தில் நடந்த தவறைத் தானே முன்வந்து தெரிவிக்கும் கண்காணிப்பாளரை, நிறுவனத்தின் பெயரைக் கெடுத்தவராக நடத்தக் கூடாது என்று துறை எழுத்துபூர்வமாக உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மதுரை.