இரண்டு மரக்கால்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. குறுவை அறுப்பு, பேனாவைத் தொட நேரமில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் இரண்டு ஏக்கரும் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. இரவு பதினொரு மணிக்குப் பெல்ட் போட்ட அறுப்பு வண்டி விளக்கைப் போட்டுக்கொண்டு வயலில் இறங்கியது. வரப்பில் நின்று வேடிக்கை பார்த்ததுதான் என் வேலை. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். அதனால் மூன்று நாள் தார்ச்சாலையில் கொட்டிக் காலால் கிளறிக்கொண்டிருந்தேன்.

பண்ணையாள் என்றால் என்ன என்று உன் பேரன் கேட்டதாகவும், "அது ஒரு வேலைப்பா" என்று சொல்லி நழுவிவிட்டதாகவும் எழுதியிருந்தாய். ஒரே பண்ணைக்குக் கட்டுப்பட்டு, நெல்லைக் கூலியாக வாங்கி உழைத்தவன் என்றால் திருப்பூரில் பிறந்த பிள்ளைக்கு எப்படிப் புரியும்?

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது அப்பா காலத்தில் நெல் அளந்த மரக்கால் இரண்டு கிடைத்தன. ஒன்றுக்குப் பித்தளைப் பூண், மற்றது வெறும் மரம். பூண் போட்டது நெல் வாங்குவதற்கு, வெறும் மரம் கூலி அளப்பதற்கு. சும்மா ஒரு யோசனையில் பூண் மரக்காலில் நெல்லை நிரப்பி, தலை தட்டி, மற்றதில் கொட்டினேன். வழிந்தது. தரையில் விழுந்ததைக் கூட்டி அள்ளினால் இரண்டு கை நிறைய இருந்தது. உன் அப்பா களத்தில் துண்டை விரித்து நின்ற ஒவ்வொரு மாலையும் அந்த இரண்டு கை நெல் எங்கள் வீட்டிலேயே தங்கியிருக்கிறது. நாங்களும் குத்தகைக்காரர்கள்தான், பெரிய வீட்டு மிராசுதாருக்குக் கைகட்டி நின்றவர்கள்தான். இருந்தும் அளந்தது இப்படி.

கம்யூனிஸ்ட் தலைவர் சீனிவாசராவ் கர்நாடகத்திலிருந்து வந்து 1940களில் இங்கே தஞ்சையில் விவசாயக் கூலிகளுக்குச் சங்கம் கட்டியபோது சவுக்கடியும் சாணிப்பால் புகட்டுவதும் நின்றன. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்புறம் அறுபதுகளில் யூரியாவும் ஆடுதுறை 27 நெல் ரகமும். 105 நாளில் குறுவை வீட்டுக்கு வந்துவிடும், பின்னாலேயே இரண்டாம் போகமான தாளடி. களம் நிறைந்தது, மரக்கால் மாறவில்லை. கூலியைக் கூட்டிக் கேட்டதன் முடிவு, 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்தது. நாம் அப்போது ஐந்தாம் வகுப்பு. அந்த வாரம் நீ பள்ளிக்கு வரவில்லை. ஏன் என்று யாரும் எனக்குச் சொல்லவுமில்லை. மறு வருடம் நியாயக் கூலிச் சட்டம் போட்டார்கள்.

பயத்தை உடைத்தது சங்கம். பண்ணையை உடைத்தது என்னவோ இந்த வண்டியும் நீ ஏறிப்போன திருப்பூர் பஸ்ஸும்தான் என்று எனக்குப் படுகிறது. உனக்கு இது உடன்பாடாக இருக்காது, தெரியும். நாற்பது அரிவாள் தேவைப்படாதவனுக்கு நாற்பது பேரை மிரட்டவும் தேவையில்லை. ஆனால் அந்த நாற்பது வீட்டுக் குதிர்களுக்கும் நெல் வருவது அதோடு நின்றுபோனது. பெரிய வீடு பூட்டிக் கிடக்கிறது. அவர்கள் நிலத்தைக் குத்தகைக்குச் செய்கிறவர்கள் உங்கள் தெருப் பையன்கள் இருவர். பட்டா மட்டும் சென்னையில் இருக்கிறது.

உன் அக்கா இப்போதும் நடவுக்கு வருகிறார். நூறு நாள் வேலை இல்லாத நாளில் பார்த்துத்தான் கூப்பிட வேண்டும். இந்த முறை கரையேறும்போது, "மிஷின்காரனுக்கு வயலிலேயே பணத்தை எண்ணி வைக்கிறீர்கள் தம்பி, எங்களுக்கு மட்டும் நெல் போட்டுப் பணம் வரட்டும் என்கிறீர்கள்" என்றார். அன்று மாலையே கொண்டுபோய்க் கொடுத்தேன். வெட்கம்தான் காரணம்.

புது அரிசி ஒரு மூட்டை பஸ்ஸில் போட்டு அனுப்புகிறேன். எலக்ட்ரானிக் தராசில் 25 கிலோ நிறுத்திருக்கிறேன். நீயும் ஒரு முறை நிறுத்துப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்