சட்டமன்றத்துக்கு நிற்க நினைக்கும் சுங்கை சிப்புட் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

அடுத்த தேர்தலில் நிற்கப்போகிறாய் என்று கேள்விப்பட்டோம். ம.இ.கா. தலைவராக இருந்த ச. சாமிவேலு 1974 முதல் 2008 வரை இங்கே வைத்திருந்தது நாடாளுமன்றத் தொகுதி. நீ கேட்பது அதற்குள் இருக்கும் லிந்தாங், ஜாலோங் இரண்டில் ஒன்று. மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள 59 சட்டமன்றத் தொகுதிகளில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான்.

ஊர்க்காரர்கள் இதையெல்லாம் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் போதவில்லை, ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லை, இன்னும் சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அடையாள அட்டை) என்று உன் சேவை மையத்தில்தான் வந்து உட்காருவார்கள். மூன்றும் கூட்டரசு விவகாரம். கடிதம் கொடுக்கலாம், உத்தரவு போட முடியாது. லயத்து வீடு ஒழுகினால்கூட தொழிலாளர் குடியிருப்புக்கான 446ஆவது சட்டப்படி பார்க்க வேண்டியது தொழிலாளர் இலாகா. சாக்கடை, தெருவிளக்குக்கு நகராண்மைக் கழகம் இருக்கிறது. 1965இல் ஊராட்சித் தேர்தல் நின்றதிலிருந்து கவுன்சிலர்களை நியமிப்பது மாநில அரசு. பொறுப்பான ஆளைப் பிடித்துப் போட வை.

உண்மையில் மாநிலத்தின் கையில் இருப்பது நிலம். தோட்டத்துக் கோயிலும் சுடுகாடும் பெரும்பாலும் தோட்டக் கம்பெனியின் கிரானுக்குள்ளேயே, அதாவது நில உரிமைப் பத்திரத்துக்குள்ளேயே கிடக்கும். செம்பனையை வெட்டிவிட்டு வீடு கட்ட நினைக்கும் கம்பெனி, விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற நிலச் சட்டம் 124ஆவது பிரிவின்கீழ் மாநில அரசுக்கு மனு போட்டாக வேண்டும். அது மேசையில் இருக்கும் நாட்கள்தான் உன்னுடையவை. கோயிலையும் சுடுகாட்டையும் தனி லாட்டாக, அதாவது தனி நிலத்துண்டாக அளந்து அரசிடம் ஒப்படைத்தால்தான் அனுமதி என்று மாநில ஆட்சிக்குழுவில் (மாநில அமைச்சரவை போன்றது) இருப்பவரைப் பேச வை. ஒப்படைத்ததை 62ஆவது பிரிவில் ஒதுக்கீட்டு நிலமாக அரசிதழில் ஏற்றும்வரை விடாதே. நில மாற்றத்துக்கான பிரிமியத் தொகையைக் கட்டி அனுமதி கம்பெனியின் கைக்குப் போய்விட்டால், பிறகு கம்பெனியின் வாசலில் நின்று கெஞ்ச வேண்டியதுதான்.

அதிகம் சறுக்குவது வாய்வார்த்தையில். "கோயிலைத் தொடமாட்டோம்" என்று மானேஜர் சொன்னதைப் பஞ்சாயத்தில் எல்லோரும் நம்புவார்கள். தோட்டம் கைமாறிய மறுநாள் அந்த மானேஜரும் இருக்க மாட்டார், அவர் பேச்சும் இருக்காது. 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலம் கைமாற, 214ஏ பிரிவில் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். அங்கேயும் ஒரு காது வைத்திரு.

அரிசி மூட்டையோடு படம் எடுப்பதைச் சற்றுத் தள்ளிப்போடு. முதலில் தொகுதியிலுள்ள ஒவ்வொரு தோட்டத்தின் லாட் எண்ணையும் எழுதிக்கொண்டு போய், கட்டணம் கட்டி, நில அலுவலகத்தில் பதிவைத் தேடி எடு. கிரானில் யார் பெயர், என்ன நிபந்தனை, எப்போது காலாவதி என்பதெல்லாம் அதிலேயே இருக்கும்.

இப்படிக்கு,
நிலக் கோப்புகளோடு பழகியவர்கள்